எதிரில் உட்காருவது யார்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினொரு வயது, செஸ் ஆடுகிறாள். ரேட்டிங் (ஆட்டத்தின் பலத்தைக் காட்டும் எண்) 1520 பக்கம் வந்து இரண்டு வருடமாக நகரவில்லை. வீட்டு ஷோகேஸில் இருபத்தி மூன்று கோப்பைகள் இருக்கின்றன. நல்ல கோச் ஒருவர் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறார். "இனிமேல் வளரணும்னா சென்னைக்குக் குடி போகணும்" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அதற்கு வழியில்லாததால், இவரும் இன்னும் நான்கு பெற்றோர்களும் சேர்ந்து ஊரிலேயே ஒரு செஸ் போட்டி நடத்தலாமா என்று யோசிக்கிறார்கள். "போட்டி நடத்துகிறவர்களால் ஆட்டக்காரர்களை வளர்க்க முடியுமா? அது கோச்சோட வேலைதானே?" என்று கேட்கிறார்.

முடியும். திருப்பூர், ஈரோடு, பெருந்துறை என்று இருபத்தாறு வருடமாகப் போட்டி நடத்தியும் நடுவராக நின்றும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கோச் உங்கள் மகளுக்கு யானை முடிவாட்டம் சொல்லிக்கொடுப்பார். எந்தக் கட்டத்தில் யானை நின்றால் டிரா, எங்கே நின்றால் தோல்வி என்று பாப்பா ஒப்பிப்பாள். ஆனால் க்ளாக்கில் நாலு நிமிடம் மிச்சம் இருக்கும்போது, எதிரில் இருப்பவர் டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும்போது, வயிறு பசிக்கும்போது அதை அவள் செய்கிறாளா என்பது போட்டி ஹாலில்தான் தெரியும். அங்கே அவளுக்கு எதிரில் யார் உட்காருகிறார், எத்தனை மணி நேரம் உட்காருகிறார், ஆட்டம் முடிந்த பிறகு இருவரும் என்ன செய்கிறார்கள் என்ற மூன்றும் கோச் கையில் இல்லை. போட்டி அறிவிப்பு அச்சாகும் நாளிலேயே நடத்துகிறவர் அதையெல்லாம் முடிவு செய்துவிடுகிறார். அந்த அறிவிப்பில் இருக்கும் டைம் கன்ட்ரோல் (ஆளுக்கு எவ்வளவு நேரம் என்பது), ரேட்டிங் வரம்பு, பரிசுப் பட்டியல் மூன்றையும் பார்த்தால், அந்தப் போட்டியிலிருந்து குழந்தைகள் எதைக் கற்றுக்கொண்டு போவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டத்தை அவருக்கு முடித்துக்கொடுத்தது கோயமுத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் பன்னாட்டுப் போட்டி. அதில் அவர் ஜெயித்தார். இது நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்கு நாட்டில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூடக் கிடையாது. நார்ம் (பட்டத்துக்காக ஒரு போட்டியில் எட்டிக் காட்ட வேண்டிய தகுதி) வாங்க வேண்டுமானால் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆடித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து அவர்களை வரவழைத்து, தங்கவைத்து, நம் ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, சட்டப்படி போட்டியை நடத்திக் காட்ட யாராவது முன்வந்திருக்க வேண்டும். கோவையில் முன்வந்தார்கள். ஆனந்தின் திறமை ஆனந்துடையதுதான், அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் அந்தத் திறமைக்கு எதிரில் ஆள் உட்காரவைக்க அன்றைக்குக் கோவையில் மனிதர்கள் இருந்தார்கள்.

அதற்கு முன்னால் மெட்ராஸில் மானுவல் ஆரோன் செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1961லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம்) ஆனவர் அவர். 1972இல் சோவியத் கலாசார மையத்தில் மிகைல் தால் செஸ் கிளப்பை ஆரம்பித்தார். பையன் ஆனந்த் அங்கேதான் சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டம் ஆடித் தேறினார். ஜெயித்தவர் நாற்காலியில் இருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒரு அறை, சில போர்டுகள், ஒழுங்காகத் திறக்கும் ஒரு கதவு, தன்னைவிடப் பெரியவர்களோடு ஆட ஒரு வாய்ப்பு. இவ்வளவுதான் ஏற்பாடு.

இனி என் தவறைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டு இருபத்தி மூன்று கோப்பைகளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

பல வருடம் நானும் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போட்டிகளைத்தான் நடத்தினேன். கல்யாண மண்டபம், இருநூற்று நாற்பது குழந்தைகள், எட்டு வயதுக்குள், பத்து வயதுக்குள், பன்னிரண்டு வயதுக்குள் என்று பிரிவுகள், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஏழு ரவுண்ட், நூறு கோப்பை. காலையில் ஒன்பது மணிக்குக் குத்துவிளக்கு, மாலை ஆறு மணிக்குப் பரிசளிப்பு. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். நானும்தான்.

என் போட்டியில் நாலு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிய ஒரு பையன் இருந்தான். அவன் முதல்முறையாக 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடியும் உள்ள ரேட்டிங் போட்டிக்கு வேறு மாவட்டத்துக்கு வந்தான். அங்கே நான் நடுவர். மூன்றாவது ரவுண்டில் யானையும் ஒரு சிப்பாயும் இவனிடம், வெறும் யானை எதிராளியிடம். ஜெயிக்க வேண்டிய நிலை. என் நிழல் அவன் போர்டில் விழாதபடி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டக், டக், டக் என்று மூன்று நகர்த்தல். சிப்பாய் போய்விட்டது. டிரா. அவன் க்ளாக்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம் இருந்தது. "ஆட்டம் முடிஞ்சுதுங்கண்ணா" என்று நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டை நீட்டினான். அவன் முகத்தில் வருத்தம்கூட இல்லை. அடுத்த ரவுண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. என் போட்டிகளில் அடுத்த ரவுண்ட் எப்போதும் அரை மணி நேரத்தில் வந்துவிடும் அல்லவா?

அந்த வேகத்தை அவனுக்குப் பழக்கிவிட்டவன் நான்தான். பதினைந்து நிமிட ஆட்டத்தில் எதிராளி கவனிக்காமல் விடுவதை எடுப்பவன் ஜெயிக்கிறான். பொறி வைக்கத் தெரிந்தால் போதும். திட்டம் போட்டு, சந்தேகப்பட்டு, மறுபடி கணக்குப் போட்டு நகர்த்துகிற பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. நகர்த்தல்களை எழுதுகிற வழக்கமும் இல்லாததால் வீட்டுக்குப் போய் என்ன தப்பு என்று பார்க்கவும் முடியாது. குட்டிக் குழந்தைகள் செஸ் மேல் ஆசை கொள்ள இந்தப் போட்டிகள் வேண்டும்தான். ஆனால் மூன்று வருடம் கழித்தும் ஒரு குழந்தை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் அது வளர்ச்சியைத் தடுக்கிறது. அன்றிலிருந்து என் போட்டிகளில் பாதியையாவது நீண்ட ஆட்டமாக மாற்றினேன். கூட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பரவாயில்லை என்று தோன்ற எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அடுத்து, ரேட்டிங் ஏன் நகரவில்லை என்ற விஷயம். இதைப் பெற்றோர்கள் குழந்தையின் குறையாகவே பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது கணக்கு.

பதினெட்டு வயது முடியும் வருடம் வரை, ரேட்டிங் 2300ஐத் தொடாதவரை, ஒரு பிள்ளைக்கு உலக செஸ் அமைப்பான ஃபிடே வைத்திருக்கும் பெருக்கல் எண் 40. ஒரு ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. உங்கள் மகள் தன்னைப் போலவே 1520 உள்ள ஒரு பிள்ளையை ஜெயித்தால் அவளுக்கு 20 புள்ளி கிடைக்கும், அந்தப் பிள்ளைக்கு 20 போகும். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை உங்கள் மகளை ஜெயிக்கும், இருபதும் திரும்பிப் போய்விடும். ஈரோடு, கோபி, சத்தி, பவானி என்று அதே எண்பது பிள்ளைகள் மாதாமாதம் ஒருவரோடு ஒருவர் ஆடினால், எல்லோரும் நன்றாகத்தான் தேறுவார்கள். ஆனால் மொத்தப் புள்ளி அப்படியே இருக்கும். ஒரே கிணற்றுத் தண்ணீரை இந்தத் தொட்டிக்கும் அந்தத் தொட்டிக்கும் மாற்றி மாற்றி ஊற்றுகிற மாதிரி. இரண்டு வருடத்துக்கு முந்தைய 1520ஐவிட இன்றைய 1520 நிச்சயம் பலமானது, ஆனால் எண் அதைச் சொல்லாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கீழ்மட்ட ரேட்டிங்குகள் இப்படித் தாழ்ந்து போயிருப்பதைப் பார்த்துத்தான் 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே தடவையாகப் புள்ளி கூட்டிக்கொடுத்தது. 2000த்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது. 1300இல் இருந்தவர் 1580க்கு வந்தார். ரேட்டிங்கின் தரை 1000த்திலிருந்து 1400க்கு உயர்ந்தது. அது ஒரு மழை. மறுபடி கிணறு வற்றாமல் இருக்க வெளியிலிருந்து தண்ணீர் வர வேண்டும்.

அதைக் கொண்டுவர வேண்டியவர் போட்டி நடத்துகிறவர்தான். 1920 ரேட்டிங் உள்ள பெரியவர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து உங்கள் மகளோடு ஆடுகிறார் என்று வையுங்கள். அவள் தோற்றால் மூன்று புள்ளிச் சொச்சம் போகும். டிரா செய்தால் பதினாறு புள்ளிக்கு மேல் வரும். ஜெயித்தால் முப்பத்தாறுக்கு மேல். அந்தப் பெரியவருக்குப் பெருக்கல் எண் 20தான் என்பதால் அவர் இழப்பது அதில் பாதி. பிள்ளைக்கு இழக்க ஒன்றுமில்லாத ஆட்டம் அது. ஆனால் 1920 உள்ளவர் எதற்காக நம் ஊருக்கு வர வேண்டும்? குறைந்த ரேட்டிங் உள்ள பிள்ளைகளிடம் மாட்டிப் புள்ளி போகும், பரிசும் கிடைக்காது என்றால் வரமாட்டார். அவரை வரவைப்பதுதான் நம் திறமை. தங்க ஒரு சுத்தமான அறை, நல்ல சாப்பாடு, போக்குவரத்துச் செலவு, நுழைவுக் கட்டணம் வாங்காமல் இருப்பது, சொன்ன நேரத்துக்கு ரவுண்ட் தொடங்குவது, பேசிய தொகையைக் கடைசி நாளே கையில் கொடுப்பது. இந்தக் கடைசி விஷயத்தில் பேர் கெட்டுப்போன ஊருக்குப் பலமான ஆட்டக்காரர்கள் மறுபடி வரவே மாட்டார்கள். நானே ஆடுகிற காலத்தில் ஒரு போட்டியில் பரிசுத் தொகைக்காக எட்டு மாதம் அலைந்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்விஸ் முறை, அதாவது ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்களை மோதவைப்பது. இருநூறு பேர், ஒன்பது ரவுண்ட் உள்ள திறந்த போட்டியில் முதல் ரவுண்டில் பட்டியலின் மேல்பாதி கீழ்பாதியோடு மோதும். நடுவில் இருக்கும் பிள்ளை ஒரு ரவுண்டில் மிகப் பெரிய ஆளிடம் தோற்கும், அடுத்த ரவுண்டில் மிகச் சின்ன ஆளை ஜெயிக்கும், மறுபடி பெரிய ஆள். ராட்டினத்தில் ஏறி இறங்குவது போல. ஒன்பது ஆட்டத்தில் சரிக்குச் சரியான எதிராளி மூன்று பேர் கிடைத்தால் அதிகம். பிள்ளையை வளர்ப்பது அந்த மூன்று ஆட்டமும், தன்னைவிட இருநூறு முந்நூறு புள்ளி மேலே இருப்பவரோடு நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் ஆட்டமும்தான். 1600க்குக் கீழ் மட்டும் என்று வரம்பு வைத்தால் சரிசமமான ஆட்டங்கள் கிடைக்கும், ஆனால் மேலே சொன்ன கிணற்றுக் கதை வந்துவிடும். இரண்டும் வேண்டும். வருடத்தில் எத்தனை எது என்று திட்டம் போடுவது மாவட்ட அளவில் நடத்துகிறவர்கள் கூடிப் பேச வேண்டிய விஷயம். இப்போது ஒரே ஞாயிறு பக்கத்து ஊர்களில் மூன்று போட்டி, அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமில்லை என்று கிடக்கிறது.

நாலைந்து வருடத்துக்கு முன் நாங்கள் நடத்திய போட்டியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இன்டர்நேஷனல் மாஸ்டர் ஒருவரை அழைத்திருந்தோம். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம்: ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தோற்ற பிள்ளையோடு கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஆறாவது ரவுண்டில் அவருக்கு எதிரில் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்த பதிமூன்று வயதுப் பெண். நான்கு மணி நேரம் ஆடினாள். ஒரு சிப்பாய் கூடுதலாகக்கூட வைத்திருந்தாள். எழுபத்தொன்றாவது நகர்த்தலில் தோற்றாள்.

பந்தி முடிந்த சாப்பாட்டு ஹாலில், இலை எடுத்த மேசையின் ஓரத்தைத் துடைத்துப் போர்டை வைத்தார்கள். பழைய செட். ஒரு கறுப்புச் சிப்பாயைக் காணோம், அதற்குப் பதில் சோடா மூடி. அவர் வேகமாக நகர்த்தல்களை ஓட்டி ஐம்பத்தெட்டில் நிறுத்தினார்.

"இங்க யானையை எங்க வச்சிருக்கணும், கண்ணு?"

"சிப்பாய்க்குப் பின்னாடிங்க."

"தெரிஞ்சிருக்குது. அப்புறம் ஏன் பக்கத்துல கொண்டுபோய் வச்சே?"

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தாள். "சிப்பாயை அடிச்சிருவீங்கன்னு பயமா இருந்துச்சுங்க."

அவர் சிப்பாய்க்குப் பின்னால் யானையை நகர்த்திக் காட்டினார். "அடிக்க முடியுதா, நீயே அடிச்சுப் பாரு." அவள் முயன்று பார்த்தாள். ஏழெட்டு நகர்த்தல் ஓடியது. முடியவில்லை. அவள் முகம் மாறியதை நான் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கூட வந்திருந்த அவளுடைய அப்பத்தா, தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோற்றை வைத்துக்கொண்டு அதுவரை தள்ளியே நின்றவர், மெதுவாக வந்து கேட்டார்: "ஏனுங்க தம்பி, பாப்பா தோத்துப் போச்சுங்களா?" மாஸ்டர் எழுந்து நின்று சொன்னார்: "தோத்துதானுங்க போச்சு. ஆனா அறுபது மூவ் வரைக்கும் நான்தானுங்க பயந்துட்டிருந்தேன்."

அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு நாங்கள் செலவழித்தது ஒரு மேசையும் ஒரு நிபந்தனையும். ஆனால் அதை யாராவது ஏற்பாடு செய்தால்தான் நடக்கும். பெரும்பாலான ஹால்களில் ஆட்டம் முடிந்ததும் பிள்ளை வெளியே ஓடுகிறது, வாசலில் அப்பாவோ அம்மாவோ "ஜெயிச்சியா?" என்று கேட்கிறார்கள், அங்கேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அதனால் எந்தப் போட்டிக்கு இடம் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது ஆட்ட ஹாலை அல்ல, அலசல் போட ஒரு தனி இடம் இருக்கிறதா என்பதை. சத்தம் போட்டுப் பேசலாம், போர்டுகள் நாலு இருக்க வேண்டும், மொபைலில் எஞ்சின் (சரியான நகர்த்தலைச் சொல்லும் செஸ் மென்பொருள்) திறக்கக் கூடாது. எஞ்சின் விடையை மட்டும்தான் சொல்லும், "பயமா இருந்துச்சு" என்ற பதில் எதிரில் ஆள் இருந்து கேட்டால்தான் வரும்.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நீங்கள் பெண்ணைப் பெற்றவர் என்பதால் மட்டும் அல்ல. நம் பக்கத்துப் போட்டிகளில் பத்து வயதுக்குள் பிரிவில் பெண் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். பதினான்கு வயதைத் தாண்டினால் விரல் விட்டு எண்ணலாம். படிப்பு, பத்தாம் வகுப்பு என்று காரணம் சொல்வார்கள். நான் பல அம்மாக்களிடம் கேட்டதில் வந்த பதில் வேறு: ராத்திரி எட்டு மணிக்கு ரவுண்ட் முடிந்தால் எந்த பஸ்ஸில் கூட்டிப்போவது? மண்டபத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை என்றால் நாள் முழுக்க எப்படி உட்காரவைப்பது? 2022இல் ஆசிய மகளிர் சாம்பியன் ஆன நந்திதா சேலம் மாவட்டத்துக்காரர். நம் மண்ணில் பெண்கள் அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பது நிரூபணமான விஷயம். கடைசி ரவுண்ட் இருட்டுவதற்குள் முடிய வேண்டும், கழிப்பறை சாவி ஒரு பெண் தன்னார்வலரிடம் இருக்க வேண்டும். செஸ் வளர்ச்சி என்று நான் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

ரொம்ப மேலே போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்ன ஊர்ப் போட்டி ஒரு ஏணியின் முதல் படிதான். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கும் மூன்று நார்மும் தேவை. ஒரு நார்முக்கு 2600 அளவிலான ஆட்டம் ஆட வேண்டும். எதிராளிகளில் மூன்றில் ஒருவராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும், வேறு நாட்டுக்காரர்களும் போதிய அளவு இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருபது பேர், குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து, அவர்களில் பத்துப் பேர் பட்டம் பெற்றவர்கள் என்று ஒரு பெரிய ஸ்விஸ் போட்டிக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாக நாட்டுக் கணக்குப் பார்க்கிற தொல்லை குறையும். இப்படிப்பட்ட போட்டிகள் இங்கே குறைவாக இருந்ததால்தான் நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக்கொண்டு ஹங்கேரிக்கும் செர்பியாவுக்கும் ஸ்பெயினுக்கும் போனார்கள். 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டர் வந்த பிறகு 1997 வரை நாட்டில் மூன்றே பேர்தான். இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாடு. 2019இல் பட்டம் வாங்கிய இனியன் ஈரோட்டுக்காரர். குகேஷ் பன்னிரண்டு வயதில் தன் கடைசி நார்மை முடித்தது டெல்லியில் நடந்த போட்டியில். உள்ளூரிலேயே நார்ம் போட்டிகள் பெருகியது இந்த மாற்றத்தில் பெரிய பங்கு.

அதே குகேஷுக்கு இன்னொரு தடவையும் இது நடந்தது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியை அவசரமாகத் திட்டமிட்டு நடத்தியது. எட்டுப் பேர், ஏழு ரவுண்ட். குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் சம புள்ளி எடுக்க, டை பிரேக்கில் குகேஷ் முதலிடம். அந்த வெற்றியில் வந்த சர்க்யூட் புள்ளிகளால்தான் (வருடம் முழுக்கப் பல போட்டிகளில் சேர்க்கும் புள்ளி) அவர் உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் நுழைந்தார். 2024 ஏப்ரலில் டொரான்டோவில் அதை ஜெயித்தார், அதே வருடம் டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அந்த ஏழு ரவுண்டை நடத்த யாரும் முன்வராமல் இருந்திருந்தால் அவர் இன்னொரு இரண்டு வருடம் காத்திருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கத்தால் முடியும், பெரிய ஊரால் முடியும், கோபியால் முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1964இல் அங்கே ரெய்க்யவிக் ஓபன் போட்டியை ஆரம்பித்தார்கள், முதல் தடவையே முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் வந்து ஆடினார். 1972இல் ஃபிஷர்–ஸ்பாஸ்கி உலக சாம்பியன் போட்டியை நடத்தினார்கள். அப்போது அந்த நாட்டில் இருந்தது ஒரே ஒரு கிராண்ட்மாஸ்டர். அந்தப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த பையன்கள் 1986 துபாய் ஒலிம்பியாடில் நாட்டை ஐந்தாவது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு மொத்த நாட்டின் மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. நம் ஈரோடு நகரத்தைவிடச் சின்னது.

பணத்துக்கு என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். செஸ் போட்டியில் அதிகம் வீணாவது கோப்பையில்தான். நூறு கோப்பைக்கு ஆகும் பணத்தில் பாதியை எடுத்து வைத்தால் இரண்டு பலமான ஆட்டக்காரர்களை அழைத்துவிடலாம். ஸ்பான்சரிடம் இதைப் புரியவைப்பது கஷ்டம் என்று நானும் பயந்துகொண்டிருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் போய், "இந்தத் தடவை பெரிய கூட்டம் இல்லீங்க, பத்தே பத்து ஆட்டக்காரர்கள்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆயிரம் பீஸ் ஆர்டர் வேணும்னா மொதல்ல சாம்பிள் பீஸை ஒழுங்காத் தைக்கோணும்ங்க. அது மாதிரிதானே?" என்றார். அதே மாதிரிதான். ஆறு வருடமாக அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பேனரில் பேர்கூடக் கேட்கவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். இருநூறு பேர் போட்டி வேண்டாம். பத்துப் பேரை வைத்து, எல்லோரும் எல்லோருடனும் ஆடும் ரவுண்ட் ராபின் போட்டி நடத்துங்கள். ஒன்பது ரவுண்ட், மொத்தம் நாற்பத்தைந்து ஆட்டம். ஞாயிறுக்கு இரண்டு ரவுண்ட் வீதம் வைத்தால் ஐந்து ஞாயிறில் முடிந்துவிடும், ஐந்தாவது ஞாயிறு ஒரே ரவுண்ட். காலை ஒன்பது மணிக்கு ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று. 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 வினாடி. ஆறரைக்கு எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் இருக்கலாம். ரேட்டிங்குக்குக் கணக்கில் வர வேண்டுமானால் பத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களாக இருக்க வேண்டும், அதாவது நான்கு பேர். அது உங்களுக்குச் சிரமமில்லை. மாவட்ட சங்கத்தின் வழியாக முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், பட்டம் உள்ள நடுவர் ஒருவரை வையுங்கள், ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஃபிடே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்களை எடுப்பதில்தான் உங்கள் மூளை வேலை செய்ய வேண்டும். உங்கள் மகளைப் போல ஆறு பிள்ளைகள். அவர்களைவிட முந்நூறு புள்ளி மேலே இருக்கும் இரண்டு பெரியவர்கள். பாங்கில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற பழைய மாநில ஆட்டக்காரர்கள் நம் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் ஒருவர் இருவர் உண்டு. கூப்பிட யாரும் இல்லாததால் ஆடாமல் இருக்கிறார்கள். மிச்சம் இரண்டு இடத்தை அரசுப் பள்ளியில் நன்றாக ஆடுகிற இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் கொடுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஆடிய இருவரும் மற்ற எட்டுப் பேருக்கும் அதை விளக்க வேண்டும் என்று வையுங்கள். தோற்றவர்தான் முதலில் பேச வேண்டும்.

ஐந்து வாரம் முடிந்ததும் உங்கள் மகளின் ஒன்பது ஸ்கோர் ஷீட்டையும் கோச்சுக்கு அனுப்புங்கள். இரண்டு வருட வகுப்பில் அவருக்குத் தெரியாத விஷயம் அந்த ஒன்பது தாளில் இருக்கும்: எந்த நகர்த்தலில் அவள் அவசரப்படுகிறாள், எங்கே பயப்படுகிறாள், பசி வந்தால் என்ன ஆகிறாள். ரேட்டிங் அதற்குப் பிறகு உடனே ஏறும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது தொடரிலோ மூன்றாவது தொடரிலோ ஏறும். அதற்குள் அந்தப் பத்துப் பேர் வியாழக்கிழமை மாலையும் எங்காவது கூட ஆரம்பித்திருப்பார்கள், கிளப் என்று பேர் வைக்காமலேயே.

இடம் பெரிதாக வேண்டாம். ஐந்து மேசை, வெளிச்சம், ஓடும்போது சத்தம் போடாத மின்விசிறி, பக்கத்தில் அலசலுக்கு ஒரு திண்ணை. கோபியில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பறை கேட்டால் கொடுப்பார்கள். போர்டு உங்கள் வீடுகளிலேயே இருக்கும். டிஜிட்டல் க்ளாக் என்னிடம் பன்னிரண்டு இருக்கிறது, உங்களுக்கு ஐந்து போதும். அரையாண்டுத் தேர்வு வராத ஐந்து ஞாயிறாகப் பார்த்துத் தேதி முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள். முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறேன், முதல் ரவுண்டுக்கு நானும் இருக்கிறேன்.